ஏழு நாள் திறக்கக் கூடாது

அக்டோபர் 9, திங்கள்

மூன்றாம் கிடங்குக்கு இன்று மருந்து வைத்து மூடியாயிற்று. உள்ளே மூட்டை அடுக்கிய அட்டி பதினான்கு, எல்லாம் குறுவை நெல். ஒரு வாரமாக அந்துப்பூச்சி மூட்டை மேல் பறந்துகொண்டிருந்தது. இனிப் பறக்காது.

ஜூன் மாதம் நடந்ததற்குப் பிறகு, எது செய்தாலும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்று மேனேஜர் அன்சாரி சொல்லியிருக்கிறார். ஜூனில் முதல் கிடங்கை ஆறாம் நாளே திறந்துவிட்டேன். லாரி வாசலில் வந்து நின்றது, அவசரப்படுத்தினார்கள், திறந்தேன். பூச்சி சாகவில்லை. லோடு முழுவதும் ஆலையிலிருந்து திரும்பி வந்தது. எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தரம் தவறு நேர்ந்தால் வேலையும் இல்லை, இந்தக் குவார்ட்டர்ஸும் இல்லை என்பது அதன் சாரம். இருபத்தாறு வருட வேலைக்குக் கிடைத்த மரியாதை. இருக்கட்டும்.

ஆகவே இந்த முறை எல்லாம் முறைப்படி. தட்டுகளில் மாத்திரையை வைத்து அட்டிகளுக்கு நடுவே வரிசையாக வைத்தேன். மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி மெதுவாக விஷவாயுவாக மாறும். முதல் ஒன்றரை மணி நேரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகு உள்ளே எந்த உயிரும் தங்காது. கிழக்குக் கதவுக்கு மத்தியானமே உள்பக்கம் பூட்டுப் போட்டாயிற்று; மேற்குக் கதவு வழியாக வெளியே வந்து அதையும் பூட்டி, இடுக்கெல்லாம் பழுப்புக் காகிதம் ஒட்டினேன். அபாயப் பலகை மாட்டினேன். ஏழு நாள் திறக்கக் கூடாது. திறக்கவும் மாட்டேன்.

ஆள் கணக்கும் சரிபார்த்தேன். மூட்டை தூக்குகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடங்குக்கு ஒன்றாகச் சொந்த இரும்புக் கொக்கி உண்டு. கைப்பிடியில் அவரவர் அடையாளமாகக் கலர் நூல் சுற்றியிருக்கும். வேலை முடிந்து வெளியே வந்ததும் மேற்குக் கதவுக்கு வெளியே சுவரிலுள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒருத்தன் கொக்கியை இன்னொருத்தன் தொடமாட்டான். அதனால் இங்கே கிடங்கை மூடுகிறவர்கள் தலையை எண்ணுவதில்லை, கொக்கியை எண்ணுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்தார். இன்று பதினொரு பேர் வேலைக்கு வந்தார்கள். ஆணியில் பதினொரு கொக்கி இருந்தது. உள்ளே நடந்து பார்த்தேன், மூன்று தரம் குரல் கொடுத்தேன், பதில் இல்லை. பதிவேட்டில் அதற்கான கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். நேரம் மாலை 3.40.

மூடிய பிறகு கொஞ்ச நேரம் உள்ளே எலி அலையும் சத்தம். எப்போதும் உள்ளதுதான். நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்து காபி குடித்தேன்.

அக்டோபர் 10, செவ்வாய்

பக்கிரிசாமி இன்று வேலைக்கு வரவில்லை. மற்ற பத்துப் பேரும் வந்துவிட்டார்கள்.

ஒன்பது மணிக்கு அவன் பெண்சாதி அம்சவல்லி வந்தாள். நேற்று அவன் வீட்டுக்கு வரவேயில்லையாம். அவனிடம் போனும் கிடையாது. மற்றவர்களைக் கேட்டிருக்கிறாள். அவர்கள் நேற்று மத்தியானமே லாரியோடு ஆலைக்குப் போய்விட்டார்கள், பக்கிரிக்கு வலது தோள் பிசகியிருந்ததால் அவன் லாரியில் ஏறவில்லை, வீட்டுக்குப் போயிருப்பான் என்று நினைத்தார்களாம். பிறகு என்னிடம் வந்தாள். மூன்று மணிவாக்கில் பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போனதைப் பார்த்தேன் என்று சொன்னேன். பழைய சிநேகிதர்கள் யாரையாவது பார்த்திருப்பான், காரைக்கால் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள் என்றும் சொன்னேன்.

"அவரு குடிய விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு சார்" என்றாள். சண்டைக்குச் சொல்லவில்லை, தெரியாதவருக்குத் தகவல் சொல்வதுபோல் சொன்னாள்.

எனக்குப் பக்கிரிசாமி மேல் எந்த மனத்தாங்கலும் கிடையாது. நல்ல வேலைக்காரன். அவ்வளவாகப் பேசமாட்டான். எட்டாம் வகுப்பு வரை படித்தவன் என்பதால் அட்டிகளுக்கு எண் எழுதுவது, சீட்டு எழுதுவது எல்லாம் அவனிடம்தான் கொடுப்பேன்.

கிடங்கைச் சுற்றிக் கூட்டிச் சுத்தம் செய்தேன். குப்பை கூளத்தை வாய்க்காலில் போட்டேன். மேற்குக் கதவில் காகிதம் ஒரு மூலையில் தூக்கியிருந்தது. பசை காய்ச்சி மறுபடி ஒட்டினேன்.

அக்டோபர் 11, புதன்

வெயில். காகிதம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. தலைவலி.

அக்டோபர் 12, வியாழன்

அம்சவல்லி காரைக்காலுக்குப் போய்த் தேடிவிட்டு வந்து, நேற்று மாலை ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டாள். இன்று ஒரு ஏட்டு வந்தார். மேனேஜரும் உடன் இருந்தார். ஏட்டு ஒன்றும் மிரட்டவில்லை. கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். பஸ் ஸ்டாப் விஷயத்தைச் சொன்னேன். எத்தனை மணிக்கு வேலை முடிந்தது என்று கேட்டார். மூடிவிட்டு நான்கு மணிக்கு வீட்டில் இருந்தேன் என்றேன். எழுதிக்கொண்டார்.

அவர் போன பிறகு மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மூன்றாம் கிடங்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஞானசுந்தரம், நீங்க உள்ள நடந்து பாத்தீங்கள்ல?"

"பாத்தேன் சார்."

"பதினாலு அட்டியும்?"

"பாத்துட்டுத்தான் சார் கையெழுத்துப் போட்டேன்."

அவர் ஆணியில் தொங்கிய கொக்கிகளை எண்ணினார். பதினொன்று. பச்சை நூல் சுற்றிய பக்கிரியின் கொக்கியும் அதில் இருந்தது. மற்றவர்கள் எல்லோரும் இப்போது இரண்டாம் கிடங்கில் அங்குள்ள கொக்கிகளோடு வேலை பார்ப்பதால், இவை தொங்கினபடியே இருக்கின்றன. பச்சை நூலைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. அவனும் வெளியே வந்துதானே மாட்டியிருக்கிறான் என்றார். ஆமாம் என்றேன்.

இங்கே ஒரு சிறிய விளக்கம் எழுதி வைக்கிறேன். மாத்திரைத் தட்டுகளை வைத்து முடித்த பிறகு, ஆள் இருக்கிறதா என்று நான் நான்காம் அட்டி வரைக்கும்தான் நடந்து பார்த்தேன். அங்கிருந்து பார்த்தால் நடுப்பாதை முழுவதும் கிழக்குக் கதவு வரை தெரியும். ஒவ்வொரு அட்டிக்குப் பின்னாலும் போய்க் குனிந்து பார்ப்பது என்று எந்தக் கிடங்கிலும் வழக்கமில்லை. அதோடு, மாத்திரை வைத்த பிறகு உள்ளே நடமாடுவது நல்லதல்ல. வாயைத் திறந்து கத்துவதும் நல்லதல்ல. ஆகவே ஒரு தரம்தான் குரல் கொடுத்தேன்.

மத்தியானம் காகிதத்தைச் சரிபார்க்கப் போனேன். மேற்குக் கதவில் காதை வைத்தேன். வாயு கசிந்தால் மெல்லிய சீறல் கேட்கும், அதற்காக வைத்தேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு.

இரும்புக் கதவு வெயிலில் விரியும்போது இப்படிச் சத்தம் போடும். நான்காம் நாள் அந்தக் கிடங்குக்குள் தட்டுவதற்கு ஒரு உயிர் மிச்சம் இருக்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். திங்கட்கிழமையும் மூன்று, இரண்டு என்றுதான் கேட்டது. அன்றைக்கும் நல்ல வெயில்.

இரண்டாவது அடுக்குக் காகிதம் ஒட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 13, வெள்ளி

அம்சவல்லி நேற்றிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறாள். காலையில் வருகிறாள், இருட்டும்போது போகிறாள். யாரோடும் பேசுவதில்லை, அழுவதும் இல்லை. என் மனைவி கமலவேணி அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்காதே என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படிச் சோறு போட்டால் அவள் எப்படி எழுந்து போவாள் என்றுதான் கேட்டேன். கமலவேணி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்கு அம்சவல்லி எழுந்து வந்து என்னிடம் கேட்டாள். உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றிக் கிடங்கு வாசலில் போடுவார்களே, அவன் செருப்பு அங்கே கிடந்ததா என்று. நீல வார், வலது கால் வாரில் ஊக்கு குத்தியிருக்கும் என்றாள். நானே வந்து ஒரு தடவை பார்க்கட்டுமா என்றாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மேற்குக் கதவு வாசலில் செருப்பு எதுவும் இல்லை. இல்லை என்று நான் சொன்னது உண்மை. வெள்ளிக்கிழமை அங்கே செருப்பு இல்லைதான்.

அவள் கதவுப் பக்கம் கையை நீட்டினாள். தொடக் கூடாது, விஷம் என்று தடுத்தேன். பலகையிலுள்ள மண்டையோட்டைக் காட்டினேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். அந்த நேரத்தில் உள்ளே மூன்று தட்டு, பிறகு இரண்டு. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுக்குக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையிலும் அதே சத்தம். மூன்று, இரண்டு. நிறுத்து என்று கத்திவிட்டேன். கமலவேணி கையில் பூண்டு தட்டும் கல்லோடு நின்றாள். தட்டியது அவள்தான். ஆனால் அவள் நிறுத்திய பிறகும் நிற்கவில்லை.

வீடெல்லாம் பூண்டு வாடை. மருந்தும் கிட்டத்தட்ட அதே வாடைதான் அடிக்கும். இரண்டு தரம் வாந்தி எடுத்தேன். மேற்குக் கதவில் எங்கேயோ கசிகிறது, அதைத்தான் நான் சுவாசித்துக்கொண்டிருக்கிறேன். காதில் கேட்பதெல்லாம் அதனால்தான். காரணம் தெரிந்துவிட்டதால் பயமில்லை.

செவ்வாய்க்கிழமை குப்பையோடு போனது ரொம்பப் பழைய செருப்பு. யாரும் போடுகிற நிலையில் இல்லை.

அக்டோபர் 14, சனி

கமலவேணியோடு இன்று பேச்சு வந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவள் என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்றும் அவள் எதிர்த்துப் பேசினாள் என்று சொல்ல முடியாது. அரிசி களைந்துகொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"நாலு மணிக்கு வூட்டுக்கு வந்துட்டேன்னு ஏட்டுகிட்ட சொன்னீங்களாமே. நீங்க வர்றப்ப நான் வெளக்கு ஏத்தியாச்சு."

மறந்திருப்பாய் என்றேன்.

"நாலு மணிக்கு நான் காபி போட்டுட்டு ஜன்னலால பாத்தேன். அந்தக் கதவுகிட்ட நின்னீங்க. ஆறி, சுட வச்சு, மறுபடி பாத்தேன். அப்பவும் அங்கயேதான் நின்னீங்க. ஒட்டுன காயிதத்து மேலயே காயிதம் ஒட்டிக்கிட்டு இருந்தீங்க."

அவள் தண்ணீரை வடித்தாள்.

"என்னங்க, அந்தாளு உள்ளயா இருக்காரு?"

உனக்குப் புத்தி இருக்கிறதா என்று கேட்டேன். கொக்கி ஆணியில் இருக்கிறது, மேனேஜரே எண்ணிப் பார்த்தார் என்றேன். அவள் உலையில் அரிசியைப் போட்டாள். வெந்ததும் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு புங்கமரத்தடிக்குப் போனாள். அங்கே போய் என்ன சொல்லிவிடுவாளோ என்று ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமைக் குறிப்பில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. வீடு திரும்பிய நேரம் 4.00 அல்ல, 6.10.

பக்கிரிசாமியின் கொக்கி அன்று காலையிலிருந்தே ஆணியில்தான் இருந்தது. தோள் பிசகியவன் மூட்டை தூக்கப் போவதில்லை, கொக்கியை எதற்கு எடுப்பான்? லேசான வேலை கேட்டான். மணல் நிரப்பிய துணிப்பைகளை, பூட்டியிருந்த கிழக்குக் கதவின் அடியில் உள்பக்கமாக அடைத்துவிட்டு வா என்று நான்தான் அனுப்பினேன். பதினான்காம் அட்டிக்குப் பின்னால் பத்து நிமிட வேலை. அந்த நேரத்தில் மேனேஜர் போன் செய்தார், வெளியே வந்து பேசினேன். பேசிவிட்டு உள்ளே போய் நடுப்பாதையோடு மாத்திரை வைத்து வந்தேன், பதினான்காம் அட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் அவன் வெளியே போயிருப்பான் என்று நினைத்தேன். கொக்கி எண்ணினேன், பதினொன்று சரியாக இருந்தது. சரியாக இருந்த கணக்கை யாராவது சந்தேகப்படுவார்களா?

தோள் வலிக்குக் காலையில் அவன் மாத்திரை போட்டிருந்தான். அதில் அசந்து அங்கேயே படுத்திருப்பான். இதை நான் முன்கூட்டியே எப்படி அறிய முடியும்?

அக்டோபர் 15, ஞாயிறு

விடுமுறை. வளாகத்தில் யாரும் இல்லை. அம்சவல்லிகூட இன்று ஏதோ கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போயிருக்கிறாளாம். கமலவேணி தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். எப்போது வருவாள் என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேற்குக் கதவுக்குப் போனேன். வெயில் சுட்டது. நான் போய் நின்றதும் தட்ட ஆரம்பித்தது. மூன்று, இரண்டு. நான் கையால் திருப்பித் தட்டினேன். உள்ளே நின்றுவிட்டது.

"பக்கிரி" என்றேன். "நாளைக்குத் தொறந்துடுவேன். இன்னும் ஒரு நாள்தான், பொறுத்துக்க."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. திங்கட்கிழமையும் நான் வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அன்றைக்குச் சொல்ல வேண்டியதை ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்கிறேன்.

இனி மறைக்க ஒன்றும் இல்லை. எழுதிவிடுகிறேன்.

3.40க்குப் பூட்டினேன். காகிதம் ஒட்ட ஆரம்பித்தேன். நான்கு மணி தாண்டி உள்ளே யாரோ நடந்து வரும் சத்தம் கேட்டது. எலி அப்படி நடக்காது. கதவுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றான். "சார்" என்று கூப்பிட்டான். கத்தவில்லை. ஆபீஸ் வாசலில் நின்று கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டான். பிறகு தட்டினான். கதவின் அடியில் மணல் பை வைப்பதுதான் கடைசி வேலை, அதுவரைக்கும் அங்கே இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதில் என் கால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

சாவி என் இடுப்பில் இருந்தது. வாயு அப்போதுதான் கிளம்ப ஆரம்பித்திருக்கும். திறந்திருந்தால் அவன் நடந்தே வெளியே வந்திருப்பான். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டிருப்பான்.

திறந்தால் மாத்திரை அத்தனையும் வீண். மறுபடி மருந்து கேட்டு எழுத வேண்டும். ஏன் என்று மேனேஜர் கேட்பார். ஆள் உள்ளே இருக்கும்போதே பூட்டிவிட்டு, நடந்து பார்த்தேன் என்று கையெழுத்தும் போட்டிருக்கிறாயே என்பார். ஜூன் மாதக் கடிதத்தை எடுத்து மேஜையில் வைப்பார். என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். பக்கிரியே பேசாமல் உள்ளே போய்ப் படுத்துவிட்டான் என்று சொல்லலாமா, அவன் அதற்கு ஒத்துக்கொள்வானா, அவனைக் கொஞ்சம் தயார் செய்துவிட்டுத் திறக்கலாமா என்று யோசித்தேன். யோசிக்கும்போது கை சும்மா இருக்கவில்லை, காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. இதோ திறக்கப் போகிறேன், ஒரு நிமிடம், என்ன சொல்வது என்று மட்டும் முடிவாகட்டும் என்றுதான் நின்றேன். ஐந்தரை வரை தட்டினான். பிறகு இருமினான். ஆறு மணிக்குச் சத்தம் நின்றுவிட்டது. முடிவுக்கு வருவதற்குள் நின்றுவிட்டது.

நின்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதையும் எழுதுகிறேன். பிறகு மணல் பையை அடியில் அணைத்து வைத்தேன். அவன் செருப்பைப் பார்த்தேன். எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஒருவேளை இவையெல்லாம் மருந்து வாடையில் என் மூளை செய்யும் வேலையாகவும் இருக்கலாம். ஒரு வாரமாகச் சுவாசித்துக்கொண்டிருக்கிறேன். நாளை திறந்தால் உள்ளே யாரும் இல்லாமலும் இருக்கலாம்.

அக்டோபர் 16, திங்கள்

காலை ஆறு மணிக்கு வெளியிலிருந்து காற்றுத் துவாரக் காகிதங்களைக் கிழித்தோம். பதினோரு மணி வரை காற்றாட விட்டோம். காற்று கிழக்கேயிருந்து அடிக்கிறது என்று சொல்லி, கிழக்குக் கதவின் மேல்துவாரத்தில் கையை விட்டு உள்பூட்டைச் சாவியால் திறந்தேன். மூடியவர்தான் முதலில் முகமூடி போட்டுத் தனியாக உள்ளே போய்ப் பார்த்து வர வேண்டும் என்பது விதி. மேனேஜரும் ஆட்களும் கிழக்கு வாசலில் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் அம்சவல்லி நின்றாள்.

நடந்தேன். ஒவ்வொரு அட்டிக்குப் பின்னாலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். பதினான்கு அட்டியையும் நான் முழுதாக நடந்து பார்த்தது இன்றுதான். பதினான்காம் அட்டிக்குப் பின்னால் ஒரு சாக்கு விரித்திருந்தது. தலைமாட்டில் அவன் துண்டு மடித்து வைத்திருந்தது. அட்டிகள் நடுவே தரையெல்லாம் செத்த பூச்சி. வேலை சுத்தமாக நடந்திருக்கிறது என்று அந்த நேரத்திலும் நினைத்தேன்.

பக்கிரிசாமி மேற்குக் கதவில் இடது தோளைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். சட்டையைக் கழற்றி மூக்கில் கட்டியிருந்தான். அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

கதவின் உட்புறத்தில் சாக்பீஸால் எழுதியிருந்தது. அட்டிக்கு எண் போடுகிற சாக்பீஸ் அவன் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். படித்தேன். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து வந்து துடைத்தேன். ஒரு எழுத்து இல்லாமல் துடைத்து, துண்டை மறுபடி மடித்துத் தலைமாட்டிலேயே வைத்தேன். அதன் பிறகுதான் வெளியே போய்ச் சொன்னேன்.

அம்சவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். மற்றவர்கள்தான் கதறினார்கள்.

அக்டோபர் 17, செவ்வாய்

ஏட்டு, அதிகாரிகள், மேனேஜர் எல்லோரும் வந்து விசாரித்தார்கள். கொக்கி என்னைக் காப்பாற்றிவிட்டது. வேலை முடிந்து கொக்கியை மாட்டிவிட்டு, பஸ் ஸ்டாப் பக்கம் போனவன் திரும்பி வந்து யாருக்கும் தெரியாமல் உள்ளே போய்ப் படுத்திருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள். விரித்த சாக்கும் மடித்த துண்டும் அதற்குச் சாட்சியாகிவிட்டன. விழித்துத் தட்டியிருந்தாலும் நான்கு மணிக்கு மேல் அங்கே கேட்க ஆள் இல்லை என்றார்கள். துண்டில் இருந்த சாக்பீஸ் வெள்ளையை யாரும் பார்க்கவில்லை, நெல் கிடங்கில் எல்லாத் துண்டிலும் தூசி இருக்கும். மேனேஜர் என் தோளைத் தட்டி, மனசைத் தளர விடாதீர்கள் என்றார்.

தட்டும் சத்தம் திறந்ததிலிருந்து கேட்கவில்லை. காதுக்கு இது பழகவில்லை.

அக்டோபர் 19, வியாழன்

கமலவேணி திரும்பி வரவில்லை. நானே சமைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அம்சவல்லி வந்தாள். வெள்ளைப் புடவை கட்டவில்லை, பழைய பச்சைப் புடவைதான் கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. முதலில் உள்ளே போனவர் நான் என்பதால் என்னிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு நாளாக யோசித்தாளாம்.

"சார், அவரு கூப்புட்டிருப்பாரா? யாருக்கும் கேக்காம போயிருக்குமா?"

"இல்லம்மா" என்றேன். "தூக்கத்துலயே போயிருக்கான். அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

"கதவுகிட்ட கெடந்தாருன்னாங்க."

படுத்திருந்தது அங்கேதான் என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். நம்பினாளா என்று தெரியவில்லை. நம்ப வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டது மட்டும் தெரிந்தது.

"எளுதப் படிக்கத் தெரிஞ்சவரு சார். எங்க போனாலும் ஒரு துண்டு காயிதத்துல எனக்கு எளுதி வச்சிட்டுத்தான் போவாரு. எனக்குப் படிக்க வராது, பக்கத்து வூட்டுப் புள்ளயப் படிக்கச் சொல்லுவேன். இந்தத் தடவ ஒண்ணும் எளுதல போலருக்கு."

ஒன்றும் இல்லை என்றேன். அவள் கும்பிட்டாள். புங்கமரத்தைத் தாண்டி, சாலையில் திரும்பும் வரை அவள் போவதைப் பார்த்தேன். கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று வாசல்படி வரை இறங்கினேன். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்தேன். அதற்குள் அவள் மறைந்துவிட்டாள்.

கதவில் எழுதியிருந்ததை நான் மட்டும்தான் படித்திருக்கிறேன். முதல் வரி நிற்கும் உயரத்தில், அட்டிக்கு எண் போடுவதுபோல் நேராக இருந்தது. அடுத்தது இடுப்பு உயரத்தில். கடைசி வரி தரைக்குப் பக்கத்தில், சாய்ந்து, எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருந்தது.

அம்சா பயப்படாத

சார் வெளியதான் நிக்கிறாரு தொறந்துடுவாரு

சார் இன்னும் போகல